ஏப்ரனைக் கழற்ற மாட்டேன்

"கட்! லிண்டால்வா, அந்த ஏப்ரனைக் கழற்றுன்னு எத்தனை தடவை சொல்றது?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து ரெனாட்டோ கத்தினான்.

"கழற்ற மாட்டேன் தம்பி" என்றாள் லிண்டால்வா, பானையில் கறுப்பு பீன்ஸைக் கிளறியபடியே.

முப்பத்தெட்டு வருடமாக அந்த வீட்டுச் சமையல், துணி, தரை எல்லாமே அவள் கைதான். ரெனாட்டோவைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அவன் இப்போது ரியோ நகரமே மதிக்கும் டாக்குமெண்டரி இயக்குநர். வேலைக்காரர்களுக்கு நம் வீடுகள் செய்யும் அநியாயத்தை ஊருக்குச் சொல்லப்போகிறானாம். கதாநாயகி சொந்த வீட்டுச் சமையலறையிலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன்?

படத்துக்குச் சம்மதிக்கும் முன் அவளும் ஒன்று கேட்டுப் பார்த்தாள். வேலைக்கு வைத்தவர்கள் கையெழுத்திட வேண்டிய, நீல அட்டை போட்ட தன் வேலைப் புத்தகத்தை ரெனாட்டோ, அவன் அக்கா எலோயிசா இருவர் முன்னாலும் வைத்தாள். உள்ளே எல்லாப் பக்கமும் வெள்ளை.

"எனக்கு அறுபத்திமூணு ஆச்சு தம்பி. முட்டி ரெண்டும் போச்சு. பென்ஷன் ஆபீஸ்ல கேட்டா, 'முதலாளி கையெழுத்து ஒண்ணுகூட இல்லையே, நீ வேலை பார்த்ததுக்கு என்ன அத்தாட்சி?'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எலோயிசா பதறிப்போனாள். அம்மா காலமான பிறகு வீட்டு நிர்வாகம் அவளிடம்தான்.

"குடும்பத்துல ஒருத்திக்கு யாராவது வேலைப் புத்தகத்துல கையெழுத்துப் போடுவாங்களா? நீ எங்ககூட இருந்தே, கூடமாட ஒத்தாசை பண்ணினே. அதைப் போய் வேலைன்னு சொல்லி எங்களைப் பிரிக்காதே லிண்டால்வா."

லிண்டால்வா ரெனாட்டோவைப் பார்த்தாள்.

"படம் முடியட்டும், பேசிக்கலாம். இப்ப இதை எடுத்தா படத்தோட உணர்ச்சியே கெட்டுப்போயிடும்" என்றான் அவன்.

அநியாயத்தை எதிர்க்கவும் நேரம் காலம் பார்க்க வேண்டாமா!

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து, "சரி தம்பி, எடுத்துக்குங்க" என்றாள்.

எடுக்க ஆரம்பித்தால் இந்த ஏப்ரன் தகராறு.

"சோபாவுல வந்து உட்கார்ந்து பேசு. நீ எங்க வீட்டு மனுஷி. அதைத்தான் நான் காட்டணும்."

"உட்கார்ந்தா பீன்ஸ் அடிப்பிடிச்சிரும். நீங்க கேளுங்க, வேலையைப் பார்த்துக்கிட்டே சொல்றேன்."

"எங்க அம்மா உன்னைப் பெத்த பொண்ணு மாதிரி வச்சிருந்தாங்க, இல்லையா?"

"பெத்த பொண்ணு உங்க அக்கா. நான் சமையல்காரி. எண்பத்திநாலு மார்ச்சுல, கார்னிவல் முடிஞ்ச மறுவாரம் உங்கம்மா என்னை வேலைக்கு வச்சாங்க. அப்ப உங்களுக்குப் பல்லு முளைக்கிற நேரம், கண்டதையும் கடிப்பீங்க. காலைல ஆறு மணிக்கு காபி போடணும். பாத்திரம் கழுவி முடிக்க ராத்திரி பத்தாயிடும். ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு போட்டப்புறம் லீவு."

மைக் பிடித்திருந்த பெண் உச்சுக்கொட்டினாள். "அடிமைப் புத்தி ரத்தத்துலயே ஊறிப்போச்சு, பாவம்."

ரெனாட்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு அவனும் அவன் குழுவும் ஆளுக்கு இரண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டார்கள். தட்டுகளைக் கழுவியது யார் என்று கேட்காதீர்கள்.

படம் விருது வாங்கியது. விருது விழாவில் திரையிட்டபோது அரங்கத்தில் நானூறு பேர். லிண்டால்வா முட்டி போட்டுத் தரை துடைக்கும் கடைசிக் காட்சியில் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். விருதைக் கையில் ஏந்தி ரெனாட்டோ தழுதழுத்தான்.

"இதுல ஒரு காட்சிகூடப் பொய் இல்லை!"

பிறகு லிண்டால்வாவை மேடைக்கு அழைத்தார்கள். சிவப்பு கவுன், உதட்டில் சாயம், காதில் தொங்கட்டான். முதலில் யாருக்கும் அடையாளமே தெரியவில்லை.

"படம் முழுக்க ஏப்ரனோட இருந்தீங்க. இன்னிக்கு மட்டும் அதைக் கழற்ற எப்படிம்மா மனசு வந்தது?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

"இன்னிக்கு நான் வேலைக்கு வரலைங்களே."

அரங்கம் சிரித்தது.

"அப்ப படத்துல சோபாவுல உட்காரச் சொன்னப்ப ஏன் மாட்டேன்னீங்க?"

"உட்கார்ந்திருந்தா விருந்தாளி ஆயிருப்பேனே ஐயா! படத்துக்குச் சம்மதிக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்டுவேலைக்காரங்க சங்கத்து வக்கீலம்மா கிட்டப் போயிருந்தேன். 'உன்கிட்ட காகிதம் இல்லை. அந்த வீட்டுல நீ வேலை பார்த்ததைக் கண்ணால பார்த்த சாட்சியாவது வேணும்'னாங்க. இப்ப நீங்க நானூறு பேர் பார்த்துட்டீங்க."

சிரிப்பு நின்றது. முன்வரிசையிலிருந்து எலோயிசா துள்ளி எழுந்தாள்.

"ரெனாட்டோ! இதெல்லாம் சும்மா படத்துக்காக எடுத்ததுன்னு சொல்லுடா!"

ரெனாட்டோ வாயைத் திறந்தான். கையிலிருந்த விருதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

லிண்டால்வா அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க தம்பி. ஒரு காட்சிகூடப் பொய் இல்லைன்னு இவங்க முன்னாடி சொன்னீங்க பாருங்க, அதையே கோர்ட்டுல வந்து ஒரு தடவை சொல்லிடுங்க, போதும்."