இடுக்கில் இருந்த பல்லி

ஒரு வீட்டு ஃபிரிட்ஜ் சில நாளாகக் குளிரவே இல்லை. உள்ளே பால் திரிந்தது, தோசை மாவு புளித்துப் பொங்கியது. "இதைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிடணும்" என்றாள் வீட்டுக்காரி தமயந்தி.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த கதகதப்பான இடுக்கில் ஒரு பல்லி குடியிருந்தது. "ஓயாமத்தானே ஓடுற? அப்புறம் ஏன் குளிரலை?" என்று அது கேட்டது.

"என் முதுகு சுவரோட ஒட்டிக்கிடக்கு, தூசியும் அடைச்சிருக்கு. சூடு வெளியே போக வழியில்லை. என்னைக் கொஞ்சம் முன்னால இழுத்துத் துடைச்சாப் போதும். ஆனா யார்கிட்டச் சொல்ல?" என்றது ஃபிரிட்ஜ்.

முன்னால் இழுத்தால் தன் இடுக்கு போய்விடும், விளக்குமாறும் வரும் என்று பல்லிக்குத் தெரியும். இருந்தாலும் தமயந்தி சமையலறைக்குள் வந்ததும் அது கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது.

"சீ, இதுக்குப் பின்னாடிதான் இருக்கு!" என்று அவள் ஃபிரிட்ஜை இழுத்தாள். விளக்குமாற்றால் அடி விழுந்தது. பல்லி வாலை அங்கேயே விட்டுவிட்டு ஜன்னல் வழியாக ஓடியது.

"அடேயப்பா, எவ்வளவு தூசி!" என்று தமயந்தி எல்லாவற்றையும் பெருக்கித் துடைத்து, ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளியே வைத்தாள்.

சாயங்காலம் மழை தூறியது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பல்லி ஒட்டிக்கொண்டிருப்பதை ஃபிரிட்ஜ் பார்த்தது.

"பல்லி, உள்ளே நல்லாக் குளிருது!"

"வெளியேயும்தான்" என்று சிரித்தது பல்லி.