தெருமுனை ஹாரன்

தவமணி இறந்த பிறகும் அவருடைய பழைய கார் அவர் ஓட்டியது போலவே ஓடிக்கொண்டிருந்தது. தானாக ஓடும் அந்தக் காலத்துக் கார்கள், வைத்திருந்தவரின் பழக்கங்களைக் கற்றுக்கொள்ளும். பள்ளம் வருமுன்பே வேகம் குறைக்கும்; வளைவில் அவர் ஒதுங்கிய அளவுக்கே ஒதுங்கும்.

கோவில்பட்டியில் அதைத் தொட இப்போது மெக்கானிக் கிடையாது. மகன் குணசீலனே வீட்டு வாசலில் வைத்து பிரேக் பேட் மாற்றினான், கதவில் துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்தான்.

"எல்லாம் சரிடா, அந்த ஹாரனை நிறுத்து," என்றாள் அம்மா சொர்ணம். "தெருமுனைல ஆளே இல்லாம ரெண்டு தடவ அடிக்குது. உள்ள உக்காந்திருக்க எனக்கே கூச்சமா இருக்கு."

"வயர்ல தப்பில்லம்மா. பழைய பழக்கத்தை அழிச்சாத்தான் போகும். அழிச்சா திரும்ப வராது."

"அழிச்சுத் தொலை. காரா, கல்யாண ஊர்வலமா?"

சாயங்காலம் குணசீலன் காரில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினான். தெருமுனையில் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. அடுப்படியில் இருந்த சொர்ணத்தின் கை தானாகத் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வேலை முடிந்து வரும்போதெல்லாம், கல்லைப் போடச் சொல்லித் தவமணி அடிக்கும் ஹாரன் அது. அவர் இருந்தவரை அவள் அதை அடுப்படியில் நின்றுதான் கேட்டிருக்கிறாள். காருக்குள் இருந்து கேட்டதே இல்லை.

வாசலுக்கு ஓடினாள். "குணா, அது இருக்கட்டும்டா!"

அவன் சிரித்தபடி இறங்கினான். "முனை திரும்பினதுமே அழிச்சிட்டேம்மா. இனிமே சத்தமே வராது."

உள்ளே கல் காய்ந்து புகைந்தது.

"கை கழுவிட்டு வா," என்றாள் சொர்ணம். "தோசை ஊத்துறேன்."