இனிக்குதா

பாகு ஆலையில் பொடியைக் கழுவும்போது காந்தத்தைத் தொட்டியில் ஒட்டிவைக்க மறந்து, பாவாயி வடிகுழாயைத் திறந்துவிட்டாள். கஞ்சியைச் சர்க்கரைப் பாகாக்கும் கறுப்புப் பொடி, ஒவ்வொரு முறையும் காந்தத்தால் இழுத்து மறுபடி போடுகிற பொடி, அத்தனையும் சாக்கடைக்குப் போய்விட்டது. “பொடி வரலீன்னா நாளைக்கு நீயும் வர வேண்டாம்க்கா,” என்றான் சூப்பர்வைசர் தனபால். முழங்காலளவு சாக்கடைச் சேற்றில் நின்று காந்தத்தால் துழாவினாள். ஆணி வந்தது, பிளேடு வந்தது, கடைசியில் ஒரு பிடி கறுப்பும் வந்தது. அந்தப் பொடிதானா, வெறும் இரும்புத்தூளா? அலசி, இளஞ்சூடான கஞ்சியில் போட்டுக் கலக்கிக் காத்திருந்தாள். பிறகு ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டாள். “சாக்கடையில எடுத்தத நான் வாயில வெக்கமாட்டேன். நீயே சொல்லுக்கா, இனிக்குதா?” என்றான் தனபால். பதினோரு வருடமாகப் பாகின் ஆவியில் ஊறிய நாக்கு அது. அதற்கு எச்சில்கூட இனிக்கும். பாவாயி இன்னொரு கரண்டி அள்ளினாள்.