வெந்நீரில் நடை

காலை வெயில் குளியல் குளத்து ஆவியில் பாலாய்க் கரைகிறது. நரம்பு வலிக்குப் புது மாத்திரை தொடங்கியிருக்கும் பிரோஷ்கா, மார்பளவு வெந்நீரில் ஓரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நடக்கிறாள். பாதத்தில் இப்போது எரிச்சல் இல்லை. தலைதான் பஞ்சாய் மிதக்கிறது. போன வாரம் தலைசுற்றலை மறைத்து நடந்து விழுந்ததில், முழங்கை இன்னும் பிளம் பழ நிறத்தில் இருக்கிறது. கணவர் டெஜோ ஒட்டியே வருகிறார். “அக்கரை வரைக்கும் நீந்தவா?” என்கிறாள். “மாத்திரை பழகுற வரைக்கும் நடை மட்டுந்தான்னு டாக்டர் சொன்னாரே. தலை சுத்தினா நிறுத்திடணும்.” தண்ணீர் எங்கோ சொட்டுகிறது. ஒளி வளையங்கள் அவள் கழுத்தைச் சுற்றி விரிகின்றன. “சுத்துது,” என்கிறாள் மெதுவாக. அவர் அவளை அணைத்துப் படியில் உட்காரவைக்கிறார். “நீங்க ரெண்டு பேராத் தெரியுறீங்க.” “ஒருத்தனையே தாங்க முடியலம்பியே.” “பரவால்ல, ரெண்டு பேரும் பக்கத்துலயே இருங்க,” என்று அவர் தோளில் சாய்ந்து கண்களை மூடுகிறாள்.