ஆள்மாறாட்டம்

பௌர்ணமிப் போயா லீவு. லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், பேட்டரியில் ஓடிய டிவியில் பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம். செத்துப்போன ஒருத்தியின் பெயரில் வேறொருத்தி வந்து குடித்தனம் நடத்துகிறாள். கடைசி ரீல் வரைக்கும் புருஷனுக்கு விஷயம் தெரியவில்லை.

அழகர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கட்டின பொண்டாட்டி யாருன்னே தெரியாதவன் ஒருத்தன் இருப்பானா? நல்லா காதுல பூ சுத்துறானுங்க. என்ன சிவபாக்கியம்?"

அவன் மனைவி தேத்தண்ணி வைக்க எழுந்து போனாள்.

அழகரின் மாமியார் கற்பூரத்தோடு கிளம்பினாள். குழந்தையிலேயே காய்ச்சலில் போன மூத்த மகளின் குழிமேட்டுக்குப் பௌர்ணமி தவறாமல் போவாள். பாதை வழுக்கும் என்று அழகரும் துணைக்கு நடந்தான்.

தேயிலைச் சரிவில் கற்பூரத்தை ஏற்றிவிட்டு மாமியார் கைகூப்பினாள்.

"சிவபாக்கியம், புள்ளைங்களக் காப்பாத்தும்மா."

அழகருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னாங்க அத்தை, உசுரோட இருக்கிறவ பேரைச் சொல்றீங்க?"

"குழிக்குள்ள இருக்கிற இவ பேருதான் மாப்பிள்ளை அது. மூத்தவ செத்ததையும் பதியல, சின்னவ பொறந்ததையும் பதியல. வேலைக்குச் சேர வயசும் பத்தல. அக்கா பேர்லயே, காலையில ஆளெடுக்குற பெரட்டுல நிறுத்திட்டோம். தோட்டத்துல நடக்கிறதுதானே? உங்ககிட்ட சொல்லத்தான் அவளுக்குப் பயம்."

"அப்ப... நான் கட்டினவளோட சொந்தப் பேரு?"

கற்பூரம் அணையாமல் மாமியார் கையால் காற்றை மறைத்தாள்.

"பாப்பா, பாப்பான்னே கூப்பிட்டுட்டோம். பேருன்னு ஒண்ணு வைக்கவே இல்லையே, மாப்பிள்ளை."