நாலு பக்கப் பலகை

செஸ் பெட்டியைத் திரும்பவும் பீரோ மேலேயே வைத்தாள்.

இரண்டு பேர் ஆடுவது. அதுவும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டி. வேண்டவே வேண்டாம்.

பிசினஸ் பெட்டியை எடுத்தாள். இடம் வாங்கலாம். வீடு கட்டலாம்.

அவளுடைய அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வீடு என்ற பேச்சே வரக் கூடாது. அதையும் வைத்தாள்.

பரமபதம்? அண்ணனைப் பாம்பு கடித்து, தம்பி வாய்க்குள் சிரித்துவிட்டால் போச்சு.

சீட்டுக்கட்டு. ரம்மியில் ஒருத்தர் இறக்குவதை அடுத்தவர் எடுக்க வேண்டும். தம்பி இறக்கியதை அண்ணன் கையால் தொடுவாரா?

நாற்காலி மேல் நின்று நின்று முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

கீழே நாற்காலியைப் பிடித்திருந்த கணவர் கொட்டாவி விட்டார்.

"தாயம்?"

"அதுல வெட்டு இருக்கு."

"அப்ப நாலு பேரும் உக்காந்து சுவத்தப் பாப்போம்."

அவள் அடுத்த பெட்டியைத் தேடினாள். பதில் சொன்னால் இந்த வீட்டிலும் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

எல்லாம் ஒரே ஒரு வார்த்தைக்காக. தம்பி சௌந்தரபாண்டி வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வாசலில் வந்து நின்ற அண்ணனை ‘வாங்க’ என்று கேட்கவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் ராஜாங்கம் பச்சைத் தண்ணி குடிக்காமல் திரும்பிவிட்டார்.

ரெண்டு வருஷம் ஆகிறது.

கையைக் காட்டினேனே என்கிறான் தம்பி.

கையக் காட்டிக் கூப்புட நான் என்ன ஆட்டோவா என்கிறார் அண்ணன்.

ஆவணியில் அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இரண்டு பேரும் மேடையேற வேண்டும். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டார்கள். அவன் ஏறினால் நான் ஏற மாட்டேன்.

பேச வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியிருந்தாள்.

கணவர் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து கேரம் போர்டை இழுத்தார். மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி.

"எதையாவது எடுங்க," என்றாள்.

காலிங் பெல் அடித்தது.

அண்ணன் முதலில் வந்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். "வாங்க மாப்ள," என்று கணவர் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார். அவள் அவரை முறைத்தாள்.

தம்பி பலகையைப் பார்த்தான். அண்ணனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அந்தப் பக்கமும் இடிக்கும். எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தான்.

நேர் எதிரில்.

கணவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அப்ப மச்சானும் மாப்ளையும் ஒரு செட்டு. நானும் இவளும் ஒரு செட்டு."

இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்தவன் தோற்றவன்.

கறுப்பு அண்ணன் தம்பிக்கு. வெள்ளை இவர்களுக்கு.

காய்கள் மோதும் சத்தம் மட்டும்தான். இழவு வீடு கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் சிவப்பைப் போட்டார். அடுத்து ஒரு கறுப்பைப் போட்டால்தான் சிவப்பு நிற்கும். ஓங்கி அடித்தார். காய் பலகையின் ஓரக் கட்டையில் மோதித் திரும்பி வந்தது.

"ச்சு," என்றான் தம்பி. பிறகு கணவரிடம், "மாமா, மெல்லத் தட்டியிருந்தா விழுந்திருக்கும்னு சொல்லுங்க."

"மாப்ள, அவன் ஆட்டத்த அவன ஆடச் சொல்லுங்க," என்றார் அண்ணன், அவரும் கணவரிடமே.

"ரெண்டரை அடிப் பலகை. இதுக்கு நடுவுல ஒரு தூதாய்யா? நேரா சொல்லித் தொலைங்க," என்றார் கணவர்.

யாரும் சொல்லித் தொலைக்கவில்லை. நடுவுக்குத் திரும்பிய அந்தச் சிவப்பைக் கணவர் அலுங்காமல் போட்டார். அதற்கு ஒரு வெள்ளையும் போட்டார்.

அண்ணன் உதட்டைக் கடித்தார். தம்பியும்.

தம்பி ஸ்ட்ரைக்கரை வைத்தான்.

"அங்க வைக்காத."

அண்ணன்தான். பலகையைப் பார்த்துச் சொன்னார்.

தம்பியின் விரல் நின்றது. ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. தட்டினான்.

கறுப்பு விழுந்தது.

ஒருத்தரும் நிமிரவில்லை. அடுத்த அடியில் தப்பவிட்டான்.

அவள் முறை. பலகையில் ஒரே ஒரு வெள்ளை. குழியின் விளிம்பில், ஊதினால் விழுந்துவிடும் போல நின்றது. கறுப்பு இன்னும் மூன்று.

விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அண்ணன் செருப்பைத் தேடுவார். தம்பி வண்டிச் சாவியை எடுப்பான்.

"போடு, போடு. முடிச்சு விடு," என்றார் கணவர்.

அவள் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். வெகுநேரம் குறி பார்த்தாள்.

அடித்தாள்.

ஸ்ட்ரைக்கர் வெள்ளையை விட்டு விலகி, அடுத்த மூலைக் குழிக்குள் தானே போய் விழுந்தது.

"அடிப்பாவி!" கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கைப்புள்ள போடும்டி அத! கண்ணு அவிஞ்சா போச்சு?" முணுமுணுத்துக்கொண்டே, போட்டிருந்த வெள்ளையில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். அபராதம்.

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இவ சின்னதுலருந்தே இப்படித்தான்டா."

"ஆமாண்ணே. கோலிக்குண்டுலயே தோப்பா."

சொன்ன பிறகு இரண்டு பேருமே கொஞ்சம் திகைத்தது போல இருந்தது.

அவள் பவுடர் டப்பாவை எடுத்துப் பலகை முழுக்கத் தூவினாள். தேவைக்கு மேலாகவே.

ஒரு சுற்று போய்த் தம்பியின் முறை வந்தது. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான்.

வைத்துவிட்டு அடிக்கவில்லை.

எதிரே, அண்ணனைப் பார்த்தான்.