சீட்டுக்குத் தெரியாது

"ஆறு வாத்தியார் பேரையும் சீட்டுல எழுதிக் குலுக்கினா, ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் டியூட்டி மட்டும் ஏழு வாரமா உங்க தலையிலயே விழுதா? எல்லாரும் சேர்ந்து உங்களை ஏமாத்துறாங்க!" என்று பொரிந்து தள்ளினாள் மனைவி.

கணக்கு வாத்தியார் நிதானமாக விளக்கினார். "ஒவ்வொரு குலுக்கலும் தனித்தனிம்மா. போன வாரம் யார் பேரு வந்துச்சுன்னு சீட்டுக்குத் தெரியாது. இதுக்குப் பேரு சார்பிலா நிகழ்ச்சி."

"சீட்டுக்குத் தெரியாது. எழுதினவனுக்குத் தெரியுமே!"

வாத்தியாருக்குக் காபி புரையேறியது. "சண்டையெல்லாம் வேணாம்மா, நான் பொறுத்துக்கறேன்" என்றார்.

மனுஷன் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரம் கூடியதுதான் மிச்சம். சனிக்கிழமை, குலுக்கல் நேரம் பார்த்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். தலைமையாசிரியை கையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை வாங்கி மேசையில் கவிழ்த்து, ஆறு சீட்டையும் பிரித்தாள்.

ஆறிலும் அவர் பெயர்!

"பாத்தீங்களா மேடம்? யாரு பண்ண வேலை இது?"

தலைமையாசிரியை வாத்தியாரைப் பார்த்தார். "வாராவாரம் சீட்டு எழுதித் தர்றதே சார்தாம்மா. ஞாயித்துக்கிழமை பசங்களோட கேரம் ஆடுறதுன்னா அவருக்கு உயிராச்சே!"

அந்த வார டியூட்டி வேறொருவருக்குப் போனது. மறுநாள் காலையில் மனைவி ஒரு டப்பாவை நீட்டினாள். உள்ளே இரண்டே சீட்டுகள்.

"வீடு பூரா ஒட்டடை. நீங்க அடிக்கிறதா, நான் அடிக்கிறதான்னு குலுக்கிப் பாத்துடலாம். இதுவும் சார்பிலா நிகழ்ச்சிதானே, எடுங்க."

வாத்தியார் சீட்டைத் தொடவே இல்லை.

"இது உறுதி நிகழ்ச்சிம்மா. ஒட்டடைக் கம்பு எங்க இருக்கு?"